மூன்று வீட்டுக்கும் ஒரு பூட்டன்: தேடலை எங்கே தொடங்குவது?

வாசகியின் கடிதம்:

ஐயா, நான் கிளிநொச்சி மாவட்டத்தில் வசிக்கும் ஆசிரியை. என் அப்பாவின் தாத்தா இளவயதில் இந்தியாவிலிருந்து வந்து, மாத்தளைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பேர் பதிந்து வேலை செய்தவர். அங்கேயே என் பூட்டியைக் கட்டினார். 1931இல் என் தாத்தா பிறந்தார். 1958 கலவரத்துக்குப் பிறகு பூட்டனார் தனியே வவுனியாவுக்கு வந்து, இன்னொரு பெண்ணோடு குடும்பம் நடத்தி, 1970களின் தொடக்கத்தில் அங்கேயே காலமானாராம். தாத்தா குடும்பம் 1977இல்தான் கிளிநொச்சிக்கு வந்தது. கடந்த வருடம் பெரம்பலூர்ப் பக்கத்திலிருந்து ஒருவர் தொலைபேசியில் பேசினார். தன் பூட்டனும் அவரே என்றும், அவர் ஊரில் கட்டிய முதல் மனைவியின் வழிவந்தவர்கள் தாங்கள் என்றும் சொல்கிறார். வீட்டில் இருந்த பத்திரங்கள் எல்லாம் 2009இல் போய்விட்டன. மாத்தளையில் பின்னர் எடுத்த தாத்தாவின் பிறப்புப் பதிவுப் பிரதியில், பெற்றோர் விவாகம் செய்தவர்களா என்ற கூற்றில் 'இல்லை' என்று இருக்கிறது. அப்பா, "கிளறாதே" என்கிறார். உண்மையை எப்படி அறிவது? மரபணுச் சோதனை செய்தால் போதுமா? குடும்ப மரத்தில் யாரை எங்கே எழுதுவது?

ஆலோசனை:

அன்புள்ள ஆசிரியை அவர்களுக்கு,

நீங்கள் பல கேள்விகள் கேட்டிருந்தாலும், உங்களை அதிகம் வருத்தியிருப்பது தாத்தாவின் பிறப்புப் பதிவில் உள்ள அந்த 'இல்லை' என்பது கடிதத்திலேயே தெரிகிறது. பதிவாளர் அலுவலகத்தில் பணியாற்றி ஓய்வு பெற்று, இப்போது குடும்ப வரலாறு தேடுவோருக்கு வழிகாட்டி வருபவன் என்ற முறையில், அதை முதலில் தெளிவுபடுத்த விரும்புகிறேன். அந்தப் பதிவு உங்கள் பூட்டிக்குத் தாலி கட்டப்படவில்லை என்று சொல்லவில்லை. திருமணம் பதிவாளரிடம் எழுதப்படவில்லை என்பதற்கு மேல் அதற்குப் பொருள் இல்லை. தோட்டத்தில் நிகழ்ந்த பிறப்பும் இறப்பும் தோட்ட நிர்வாகத்தின் அறிவித்தலின் பேரிலேயே பதியப்பட்டன. பிள்ளையின் தாயைப் பதிவாளர் கண்ணால் கண்டிருக்கவே மாட்டார். லயத்து (தோட்டத் தொழிலாளரின் வரிசைக் குடியிருப்பு) வாசலில் பந்தல் போட்டு, ஆட்களைத் திரட்டி வந்த கங்காணியும் ஊர்ப் பெரியவர்களும் முன்னிற்க நடந்த கல்யாணத்துக்குப் பத்திரம் இல்லாதபடியால், தோட்டத்தை நிர்வகித்த துரையின் அலுவலகத்திலிருந்து போன படிவத்தில் 'இல்லை' என்று எழுதப்பட்டது. தோட்டப்புறத்துப் பிறப்புப் பதிவுகளில் இதைத் திரும்பத் திரும்பக் காணலாம். 1907ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டம் பதிவுக்கு வழி செய்ததே தவிர, பதியாத வழக்காற்றுத் திருமணத்தைச் செல்லாததாக்கவில்லை. ஊரறியக் கணவன் மனைவியாக வாழ்ந்தவர்களை அவ்வாறே கொள்ளும் மரபு இலங்கை நீதிமன்றங்களில் நெடுங்காலமாக உண்டு.

இந்தியப் பக்கத்துச் சட்டத்தையும் இத்துடன் அறிந்துகொள்ளுங்கள். சென்னை மாகாணத்தில் இந்து ஆண் ஒருவர் மனைவி உயிரோடிருக்கையில் இன்னொருத்தியை மணப்பதைத் தடுக்கும் சட்டம் 1949இல்தான் வந்தது. இந்தியா முழுமைக்குமான இந்துத் திருமணச் சட்டம் வந்தது 1955இல். உங்கள் பூட்டனார் ஊரில் ஒருவரையும் தோட்டத்தில் ஒருவரையும் மணந்திருந்தால், அவர் பிறந்த ஊரின் அன்றைய சட்டம் அதைக் குற்றமாகக் கருதவில்லை. இதைச் சொல்வது அந்தப் பெண்கள் பட்ட துன்பத்தைச் சிறிதாக்குவதற்காக அல்ல. கடல் கடந்து போன கணவனின் மணியோடருக்காகக் காத்திருந்தவளுக்கும், அவன் ஊருக்குப் போகும்போதெல்லாம் திரும்பி வருவானா என்று அஞ்சியிருந்தவளுக்கும் சட்டம் ஒரு ஆறுதலும் தந்திருக்காது. ஆனால் உங்கள் அப்பாவின் மனத்தில் இருக்கும் வெட்கத்துக்கு இடமில்லை என்பதை அவரிடம் எடுத்துச் சொல்ல இது உதவும்.

இனித் தேடலுக்கு வருகிறேன். பலமுறை மணந்த ஒருவரைத் தேடும்போது எல்லோரும் அந்த ஆணின் பெயரை எடுத்துக்கொண்டே புறப்படுகிறார்கள். உங்களுக்கு என் முதன்மையான ஆலோசனை, அவரோடு வாழ்ந்த பெண்கள் ஒவ்வொருவரையும் தனித்தனியே தேடுங்கள் என்பதுதான். அவர் ஊர் மாறினார், தோட்டம் மாறினார், பெயரைச் சொல்லும் விதத்தையும் மாற்றியிருக்கலாம். பெண்களோ பெரும்பாலும் ஓரிடத்தில் வேரூன்றி, பிள்ளை பெற்று, அண்ணன் தம்பிமாரும் அக்காள் தங்கைமாரும் சூழ வாழ்ந்தவர்கள். ஒரு மனைவி இருந்த இடம், அவளுடைய பிள்ளைகள் பிறந்த ஆண்டுகள், அவள் இறந்த ஆண்டு ஆகிய மூன்றும் தெரிந்தால், அந்த ஆண்டுகளில் பூட்டனார் எங்கே இருந்தார் என்பது தானே வெளிப்படும்.

இலங்கைக்கு வந்தவர்களின் விடயத்தில் இந்த வழி இன்னும் அவசியமாகிறது. மொரீசியசுக்கும் நேட்டாலுக்கும் பிஜிக்கும் ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்களுக்கு, தந்தை பெயர், கிராமம், தாலுகா, வயது எல்லாம் எழுதிய ஆளுக்கொரு பதிவு இருந்தது. அவர்களுடைய கொள்ளுப் பேரர்கள் இன்று அதை வைத்துக்கொண்டு நேரே ஊருக்குப் போய் இறங்குகிறார்கள். இலங்கைத் தோட்டங்களுக்கு ஆள் வந்தது கங்காணி முறையில். கங்காணி தன் ஊரிலும் சுற்றுவட்டாரத்திலும் முன்பணம் கொடுத்து ஆட்களைத் திரட்டிக் கூட்டிவந்தார். ஆளுக்கொரு ஒப்பந்தப் பத்திரம் எழுதப்படவில்லை. தோட்டத்துச் செக்றோலில் (வேலையாட்களின் பெயர்ப் பதிவுப் புத்தகத்தில்) பெயர் இருந்தது, ஆனால் அந்தப் புத்தகங்கள் தோட்டங்கள் 1970களில் அரசுடைமையாகி, 1992இல் மீண்டும் கம்பனிகளின் நிர்வாகத்துக்குப் போன இடைக்காலத்தில் பெருமளவு சிதறிவிட்டன. செக்றோலை நம்பி மாதக்கணக்கில் அலைய வேண்டாம். கங்காணியைத் தேடுங்கள். உங்கள் பூட்டனாரின் பெயர் மறந்துபோன தோட்டத்திலும் பெரிய கங்காணியின் பெயரும் அவருடைய ஊரும் நினைவில் இருக்கும், ஏனென்றால் தோட்டத்துக் கோயிலும் திருவிழாவும் அந்தக் குடும்பத்தோடு சேர்ந்தவை. அவர் எந்த ஊரோ, அவரிடம் பேர் பதிந்த ஆட்களில் பலர் அந்த ஊர் அல்லது அதன் அடுத்த ஊர். அதே லயத்தில் அடுத்தடுத்த காம்பிராக்களில் (அறைகளில்) இருந்த குடும்பங்கள் எந்த ஊரைச் சொந்த ஊராகச் சொல்கின்றன என்று கேளுங்கள். பெரம்பலூர்க்காரர் சொல்லும் கிராமமும் கங்காணியின் ஊரும் ஒரே வட்டாரத்துக்குள் வந்தால், அவர் கூற்று வலுப்பெறுகிறது.

ஆயினும் முதலில் போக வேண்டிய இடம் மாத்தளை அன்று, வவுனியா. எப்போதும் கடைசி நிகழ்விலிருந்து பின்னோக்கிப் போக வேண்டும் என்பது இந்தத் தொழிலின் அடிப்படை. பூட்டனாரின் இறப்புப் பதிவை எடுங்கள். அதில் வயதும் தாய் தந்தையர் பெயரும் கேட்கப்பட்டிருக்கும். இவை எல்லாம் நிரப்பப்படாமலும் இருக்கலாம். நீங்கள் கூர்ந்து பார்க்க வேண்டிய கூறு, தகவல் கொடுத்தவர் யார், இறந்தவருக்கு என்ன உறவு என்பதே. அது மகன் என்றால் எந்தத் தாயின் மகன், மனைவி என்றால் அவருடைய பெயர் என்ன, அயலவர் என்றால் வீட்டார் அப்போது எங்கே இருந்தார்கள் என்று அடுத்த கேள்விகள் அங்கிருந்தே பிறக்கும்.

விண்ணப்பிக்கும் முன் ஒரு விடயத்தைக் கவனியுங்கள். முல்லைத்தீவு மாவட்டம் 1978இலும் கிளிநொச்சி மாவட்டம் 1984இலும்தான் உருவாயின. 1970களின் தொடக்கத்தில் 'வவுனியாவில் காலமானார்' என்று வீட்டில் சொன்னால், அது இன்றைய வவுனியா நகரமாக இருக்கலாம், இன்று முல்லைத்தீவைச் சேர்ந்த ஒரு கிராமமாகவும் இருக்கலாம். ஆகவே அவர் இருந்த கிராமத்தின் பெயரைக் கண்டுபிடித்து, அது அன்று எந்தப் பதிவாளர் பிரிவுக்குள் இருந்தது என்று பிரதேச செயலகத்தில் கேட்டபின் தேடுதல் விண்ணப்பம் கொடுங்கள். ஆண்டு உறுதியாகத் தெரியாவிட்டால், முன்னும் பின்னுமாகச் சில ஆண்டுகளுக்குத் தேடும்படி கோரலாம். உள்ளூர்ப் புத்தகம் யுத்தத்தில் அழிந்திருந்தால் மனம் தளர வேண்டாம். பதிவுகள் இரு பிரதிகளாக எழுதப்பட்டு ஒன்று பதிவாளர் நாயகம் திணைக்களத்தின் மத்திய ஆவணங்களுக்குப் போயிற்று. வன்னியில் எரிந்துபோன எத்தனையோ பிறப்புகளும் இறப்புகளும் கொழும்பில் கிடைத்திருக்கின்றன. 2009இல் உங்கள் வீட்டிலிருந்து போன பத்திரங்களுக்கும் இது பொருந்தும். நீங்கள் இழந்தவை பெரும்பாலும் பிரதிகள். அவற்றின் மூலம் வேறிடத்தில் இருக்கக்கூடும்.

வவுனியாப் பெண்ணின் பக்கம் அதிகம் எழுத வேண்டியதில்லை என்று நினைத்துவிடாதீர்கள், அங்கேதான் ஆவணம் நிறையக் கிடைக்கக்கூடும். அந்தத் திருமணம் பதியப்பட்டிருந்தால், விவாகப் பதிவில் மணமகனின் தந்தை பெயரும், அவர் மணமாகாதவரா, தாரமிழந்தவரா, விவாகம் நீக்கப்பட்டவரா என்பதும் எழுதப்பட்டிருக்கும். தாரமிழந்தவர் என்று இருந்தால், உங்கள் பூட்டி அப்போது உயிரோடிருந்தாரா என்று மாத்தளையில் அவருடைய இறப்புப் பதிவோடு ஒப்பிடுங்கள். அந்தப் பெண் கத்தோலிக்கராக இருந்தால் பங்குக் கோவிலின் விவாகப் புத்தகத்தையும் பார்க்க வேண்டும். திருமணம் பதியப்படாதிருந்தால் காணிப் பக்கம் போங்கள். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாக்கப்பட்டோருக்கு அரச காணி அனுமதிப்பத்திரம் எட்டாக்கனியாக இருந்தது. வன்னியில் பல தலைமுறையாக வாழ்ந்த குடும்பத்துப் பெண்ணுக்கு அந்தத் தடை இல்லை. ஆகவே அவர்கள் இருந்த காணி அவருடைய பெயரிலோ அவருடைய தகப்பன் பெயரிலோ இருந்திருக்கலாம். காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுக்கப்பட்ட அனுமதிப்பத்திரங்களில் பின்னுரித்தாளர், அதாவது காணி அடுத்துப் போய்ச் சேர வேண்டியவர் யார், என்ன உறவு என்று எழுதப்படும். ஒரு பத்திரத்தில் பிள்ளைகளின் பெயர் வரிசையாக வரும் இடம் அது. பிரதேச செயலகக் காணிப் பிரிவில், உறவை நிறுவும் கடிதத்தோடு கேட்டுப் பாருங்கள். இதில் உரிமை கோரும் எண்ணம் உங்களுக்கு இல்லை என்பதை அந்த வீட்டாரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது அவசியம். அப்படி ஓர் எண்ணம் உண்டென்றால் அது சட்டத்தரணியோடு பேச வேண்டிய வேறு விடயம். குடும்ப வரலாற்றுத் தேடலோடு அதைக் கலக்காதீர்கள்.

இப்போது பிரசாவுரிமைக் கோவைகளை, அதாவது குடியுரிமை விண்ணப்பக் கோப்புகளைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலமுறை மணந்தவர்களின் விடயத்தில் மிகுந்த பயனும் மிகுந்த மயக்கமும் தருபவை இவைதான். 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் பிரசாவுரிமைச் சட்டத்தின் கீழ் 1951 ஓகஸ்ட் வரை விண்ணப்பங்கள் பெறப்பட்டன. விண்ணப்பித்தவர் தாம் இங்கே தொடர்ந்து வாழ்ந்ததை நிறுவ வேண்டும், மணமானவர் என்றால் ஏழு ஆண்டு, மணமாகாதவர் என்றால் பத்து ஆண்டு. மனைவியும் சிறு பிள்ளைகளும் இங்கேயே வாழ்ந்தவர்கள் என்றும் காட்ட வேண்டும். இதன் விளைவைச் சிந்தித்துப் பாருங்கள். ஊரில் ஒரு மனைவி இருப்பதாக எழுதினால் விண்ணப்பமே தள்ளுபடியாகும் நிலையில், அவளைப் பற்றி வாய் திறக்க யாருக்குத் துணிவு வரும்? உங்கள் பூட்டனார் அப்படி விண்ணப்பித்து, மாத்தளை மனைவியை மட்டும் எழுதியிருந்தால், பெரம்பலூரில் ஒருவரும் இல்லை என்பதற்கு அது சாட்சியாகாது. மாறாக, அந்த மனைவியோடு 1951இல் அவர் உண்மையாகவே ஒரே குடும்பமாக இருந்தார் என்பதற்கு அது நல்ல சாட்சி. எந்த ஆவணத்தையும் படிக்கும்போது, இதை எழுதியவருக்கு எதைச் சொன்னால் நன்மை, எதைச் சொன்னால் தீமை என்று கேட்டபின்பே அதை நம்புங்கள்.

விண்ணப்பித்தவர்களில் பெரும்பாலோருக்குப் பிரசாவுரிமை கிடைக்கவில்லை. அதற்குப் பின் 1964 ஒக்டோபரில் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் வந்து, 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதாக முடிவாயிற்று. எஞ்சிய 1,50,000 பேர் 1974இல் பாதி பாதியாகப் பிரிக்கப்பட்டார்கள். இந்த ஒப்பந்தத்தின் கீழும் விண்ணப்பங்கள் குடும்பம் குடும்பமாகவே எழுதப்பட்டன. உங்கள் தாத்தா 1977இல் வன்னிக்கு வந்தவர் என்பதால், அவரோ அவருடைய உடன்பிறந்தவர்களோ எந்தப் பக்கத்துக்கு விண்ணப்பித்தார்கள், உடன்பிறந்த யாராவது கப்பலேறி இந்தியா போனார்களா என்று அப்பாவிடம் கேளுங்கள். போனவர்கள் இருந்தால், தமிழ்நாட்டில் அவர்களிடம் குடும்ப அட்டையும் பயணப் பத்திரங்களும் இன்றும் இருக்கலாம். இங்கே நீங்கள் இழந்த பெயர்கள் அங்கே எழுதியபடியே இருக்கும். இலங்கைக் கோவைகளுக்குக் குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்திடம், தகவலுக்கான உரிமை பற்றிய 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் எழுத்தில் கேட்கலாம். பூட்டனாரின் பெயரை அறிந்த எல்லா விதத்திலும் எழுதிக் கொடுங்கள். ஒரே கருப்பையாவை எழுதுவினைஞர் ஒருவர் கறுப்பன் என்றும் இன்னொருவர் கருப்பன் என்றும் கேட்டபடி எழுதிவைத்த காலம் அது. தந்தை பெயரையும் தோட்டத்தின் பெயரையும் சேர்த்துக் கொடுக்காவிட்டால், அதே பெயருள்ள வேறொருவரின் கோவை உங்கள் கைக்கு வந்து சேரும்.

தேருநர் இடாப்புகளைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 1931, 1936 ஆகிய ஆண்டுகளின் அரசாங்க சபைத் தேர்தல்களில் இந்திய வம்சாவளியினர் பலருக்கு வாக்குரிமை இருந்தது. 1949இல் அது பறிபோயிற்று. ஒருவரின் பெயர் இடாப்பிலிருந்து மறைந்தால் அவர் இடம்பெயர்ந்தார் என்றோ இறந்தார் என்றோ முடிவு செய்யாதீர்கள்.

உங்கள் அப்பாவின் பிறப்புப் பத்திரத்தையும் எடுத்துப் பாருங்கள். அவர் பிறந்த காலத்துப் படிவத்தில், பாட்டன் இலங்கையில் பிறந்தவரானால் அவருடைய பெயர், பிறந்த ஆண்டு, இடம் எவை என்று ஒரு கூறு உண்டு. பிரசாவுரிமைச் சட்டத்தால் வந்த கூறு அது. அப்பாவுக்குப் பாட்டன் நீங்கள் தேடும் அதே மனிதர். அந்த இடத்தில் கோடு போட்டிருந்தால் வியப்பில்லை. கோட்டுக்குப் பதிலாக ஒரு தோட்டத்தின் பெயர் இருந்தால், அவர் இங்கே பிறந்தவர் என்று அப்போது வீட்டார் சொல்லியிருக்கிறார்கள். அந்தக் காலத்தில் அப்படிச் சொல்ல வலுவான காரணம் இருந்ததை மறக்க வேண்டாம்.

பெரம்பலூர்க்காரருக்கு வருவோம். அவரை நம்பவும் வேண்டாம், சந்தேகிக்கவும் வேண்டாம், கேளுங்கள். நீங்கள் அறிந்த விபரங்களை முதலில் சொல்லிவிடாதீர்கள். சொன்னால் அவர் நல்லெண்ணத்தோடே அவற்றைத் தன் கதையில் சேர்த்துக்கொள்வார், பின்னர் எது யாருடைய நினைவு என்று பிரிக்க முடியாது. பூட்டனாரின் தகப்பன் பெயர் என்ன, குலதெய்வம் எது, அந்தக் கோயிலுக்கு அவர் பெயரில் தலைக்கட்டு வரி கொடுக்கப்பட்டதா, எந்தக் கங்காணியோடு போனார், எந்த வழியாகப் போனார், கடைசியாக எப்போது ஊருக்கு வந்தார், கடிதம் எந்தத் தோட்டத்து முகவரியிலிருந்து வந்தது என்று கேளுங்கள். இவற்றில் தலைக்கட்டு வரி நோட்டை நான் மிகவும் மதிக்கிறேன். திருமணமான ஒவ்வோர் ஆணையும் ஒரு தலைக்கட்டாக எண்ணி வரி வாங்கும் கோயில்களில், கடல் கடந்து போனவருக்காக அண்ணனோ தம்பியோ வரி கட்டி வந்த வழக்கம் உண்டு. அன்றைய திருச்சிராப்பள்ளி மாவட்டத்துக்குள் இருந்த பெரம்பலூர், முசிறி, துறையூர் வட்டாரங்களிலிருந்து இலங்கைத் தோட்டங்களுக்கு ஏராளமானோர் வந்திருக்கிறார்கள், ஆகவே அவர் சொல்லும் இடம் பொருத்தமானது என்ற அளவில் அது நல்ல தொடக்கம்.

வந்த வழியும் காலத்தைக் காட்டும். பாம்பன் பாலம் 1914இல் திறக்கப்பட்ட பின் மண்டபம் முகாமில் தங்கவைத்து, தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்குக் கப்பலிலும் அங்கிருந்து ரயிலிலும் ஆட்களைக் கொண்டுவந்தார்கள். தூத்துக்குடியிலிருந்து நேரே கொழும்புக்கு வந்ததாகக் கதை இருந்தால் பெரும்பாலும் அதற்கு முந்திய காலம். மன்னாரில் இறங்கி, வன்னிக் காட்டு வழியே மதவாச்சி, தம்புள்ளை ஊடாக மாத்தளைக்கு நடந்த கதை சொல்லப்பட்டால், அது 19ஆம் நூற்றாண்டுக் கதை. அப்படியானால் அது உங்கள் பூட்டனாருடையது அல்ல, அவருக்கு முன் வந்த ஒரு தலைமுறையினுடையது. பேதியாலும் பசியாலும் எண்ணற்றவர்கள் அந்தப் பாதையில் இறந்தார்கள். நம் வன்னி மண்ணில் மடிந்த அவர்களை நினைத்தால் எனக்கு எப்போதும் வருத்தமே.

பிள்ளைகள் பிறந்த ஆண்டுகளை ஒரே தாளில் வரிசையாக எழுதிப் பாருங்கள். தோட்டத்து ஆட்கள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஊருக்குப் போய்ச் சில மாதம் தங்கித் திரும்புவார்கள். பெரம்பலூர் வழியில் பிறந்த பிள்ளைகளின் ஆண்டுகள் அவர் ஊரில் தங்கிய காலங்களோடு ஒத்துப்போக வேண்டும். இந்தியா 1939 ஓகஸ்டில் இலங்கைக்குத் தொழிலாளர் வருவதைத் தடை செய்தது. அதற்குப் பின் ஊருக்குப் போய்த் திரும்புவது சிரமமாகிவிட்டது. ஆகவே அழைத்தவரின் பாட்டனார் 1920களிலோ 1930களிலோ பிறந்தவர் என்றால் கதை இயல்பாகப் பொருந்துகிறது. 1940களின் நடுவில் பிறந்தவர் என்றால், உங்கள் பூட்டனார் அப்போது ஊருக்குப் போனதற்குத் தனிச் சான்று வேண்டும். அங்கே கிராம முன்சீப் எழுதிய பிறப்புப் புத்தகங்கள் தாலுகா அலுவலகங்களில் இருக்கும். குழந்தையின் பெயர் இல்லாமல், தகப்பன் பெயரோடு 'ஆண்' அல்லது 'பெண்' என்று மட்டும் இருக்கக்கூடும். அதுவே போதுமானது.

ஆவணம் தராத சிலவற்றை உறவுமுறை தரும். பூட்டனாருக்குக் கொள்ளி வைத்தவர் யார்? கருமாதிக்கு எந்தெந்த வீட்டார் வந்தார்கள்? வவுனியா வீட்டுப் பேரப்பிள்ளைகள் உங்கள் தாத்தாவைப் பெரியப்பா என்றார்களா, மாமா என்றார்களா? பெரியப்பா என்றிருந்தால், அவர்களுடைய தகப்பனும் உங்கள் தாத்தாவும் அண்ணன் தம்பி என்று இரு வீட்டாரும் ஏற்றுக்கொண்டிருந்தார்கள் என்பது பொருள். மாமா என்றிருந்தால் தகப்பன் வழியில் கேளாமல், அவர்களுடைய தாய் உங்கள் தாத்தாவுக்குத் தங்கை முறையா என்று கேட்க வேண்டும். எப்போதாவது இரு வீட்டுக்கும் இடையே ஒரு சம்பந்தம் பேசி, "நாம் பங்காளிகள், கட்டக்கூடாது" என்று ஒரு பெரியவர் தடுத்த நிகழ்ச்சி இருந்தால், அது எந்தப் பத்திரத்துக்கும் குறைந்த சாட்சி அல்ல. ஒரே குலதெய்வத்தைக் கும்பிடும் வீடுகள் பெண் கொடுத்துப் பெண் எடுக்காமல் இருந்ததற்கு அவர்களுக்கு நல்ல காரணம் தெரிந்திருந்தது. ஒரு மனைவி இறந்தபின் அவளுடைய தங்கையையே இளைய தாரமாகக் கட்டும் வழக்கமும் இருந்தது. வீட்டில் இரு பூட்டிமாரின் கதைகள் ஒன்றோடொன்று குழம்பினால், அவர்கள் அக்காள் தங்கையாக இருந்தார்களா என்று விசாரியுங்கள். முன் கணவனின் பிள்ளைகளோடு ஒரு பெண் வந்து சேர்ந்திருந்தால், அந்தப் பிள்ளைகள் பூட்டனாரின் பெயரையே முன்னெழுத்தாகக் கொண்டிருக்கக்கூடும் என்பதையும் மனத்திற் கொள்ளுங்கள்.

மரபணுச் சோதனை உதவும், ஆனால் நீங்கள் நினைக்கும் விதத்தில் அல்ல. ஒரே பூட்டனும் வெவ்வேறு பூட்டிகளும் உள்ள இருவர், சராசரியாக ஒன்றரை சதவீத மரபணுவையே பகிர்வார்கள். அத்தை மகளையும் மாமன் மகளையும் அக்காள் மகளையும் தலைமுறை தலைமுறையாகக் கட்டிவந்த நம் சமூகத்தில், பூட்டன் ஒருவரே அல்லாத இருவருக்கும் அந்த அளவு ஒற்றுமை வேறு வழிகளில் வந்துவிடலாம். ஆகவே பொதுவான சோதனையின் விடையை வைத்து முடிவு கட்டாதீர்கள். தகப்பனிடமிருந்து மகனுக்கு மட்டும் போகும் ஒய் குரோமோசோம் சோதனை உங்களுக்குப் பொருத்தமானது. உங்கள் அப்பாவோ தம்பியோ ஒருவர், பெரம்பலூர் வீட்டிலும் வவுனியா வீட்டிலும் மகன் வழியாகவே வந்த ஆண் ஒருவர் என மூவரும் செய்தால், மனைவியர் யாராக இருந்தாலும் ஆண்வழி ஒன்றா என்பது தெரியும். ஒத்து வராவிட்டால், அந்த வழியில் எங்கோ தகப்பன் வேறு. ஒத்து வந்தாலும், பூட்டனாரின் அண்ணன் தம்பியின் வழியினருக்கும் அதே குரோமோசோம் இருக்கும் என்பதால், ஆவணமும் ஆண்டுகளும் சேர்ந்தே முடிவு சொல்ல வேண்டும். சோதனைக்கு முன், விடை எதுவானாலும் ஏற்றுக்கொள்வதாக மூன்று வீட்டாரும் பேசிக்கொள்ளுங்கள். ஒரு முதியவர் தம் தகப்பன் இவரல்லர் என்று எண்பது வயதில் அறிவதற்கு நாம் காரணமாகக் கூடாது.

அப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை. அவரிடம், "பூட்டனுக்கு எத்தனை பெண்டாட்டி?" என்று கேட்டால் எந்த மகனும் வாயை மூடிக்கொள்வார். தோட்டத்தில் பக்கத்துக் காம்பிராவில் யார் இருந்தார்கள், தாத்தாவின் கல்யாணத்துக்குத் தாய்மாமன் சீர் கொண்டுவந்தவர் யார், 1977இல் கிளிநொச்சிக்கு வரும்போது முதலில் யாருடைய வீட்டில் தங்கினீர்கள் என்று கேளுங்கள். தாய்மாமனின் பெயர் கிடைத்த அன்றே உங்கள் பூட்டியின் பிறந்த வீடு கிடைத்துவிடும். அவருக்கு இருப்பது மறைக்கும் எண்ணம் என்று கொள்ளாதீர்கள். நாடற்றவர் என்று சொல்லப்பட்டு, கலவரத்தில் வீடிழந்து, பின்னர் இங்கே யுத்தத்தில் எல்லாம் இழந்து வந்த ஒரு தலைமுறை, தன் குடும்பத்தில் இன்னொரு குறை எழுதப்படுவதைத் தாங்காது. அதனால்தான் இந்தப் பதிலின் தொடக்கத்தில் அந்த 'இல்லை'யைப் பற்றி அவ்வளவு எழுதினேன். அவரிடம் அந்தப் பகுதியை வாசித்துக் காட்டுங்கள்.

மரத்தை வரையும்போது பூட்டனாரை நடுவில் எழுதி, மூன்று மனைவியரையும் ஒரே அளவு எழுத்தில் பக்கம் பக்கமாக எழுதுங்கள். ஆண்டு நிறுவப்படும் வரை மூத்த தாரம், இளைய தாரம் என்று எழுத வேண்டாம். ஊர்ப் பெயரால் பெரம்பலூர் வீடு, மாத்தளை வீடு, வவுனியா வீடு என்று குறியுங்கள். பெயர் தெரியாத பெண்ணுக்கும் ஒரு கட்டம் வேண்டும். 'மனைவி' என்று மட்டும் எழுதி, அவள் வாழ்ந்த இடத்தையும் தெரிந்த ஆண்டையும் கீழே குறித்து வையுங்கள்; பெயர் பின்னர் கிடைக்கும். ஆவணத்தால் தெரிந்ததை முழுக் கோட்டாலும், வாய்மொழியால் தெரிந்ததைப் புள்ளிக் கோட்டாலும் இணைத்து, ஒவ்வொன்றுக்கும் அருகே யார் சொன்னது, எப்போது சொன்னது என்று எழுதுங்கள். இப்போதுள்ள நிலையில் பெரம்பலூர் வீட்டுக்கும் வவுனியா வீட்டுக்கும் புள்ளிக் கோடுதான். அதற்காக அவர்களை மரத்துக்கு வெளியே நிறுத்த வேண்டியதில்லை.

வரைந்ததன் பிரதியை மூன்று வீட்டுக்கும் அனுப்புங்கள், திருத்தம் சொல்லக்கூடியவர்கள் அவர்கள்தான். இந்தக் கிழமையே வவுனியாவுக்கு இறப்புப் பதிவு விண்ணப்பத்தைக் கொடுத்துவிட்டு, அது வரும்வரை மாத்தளைத் தோட்டத்துக் கங்காணியின் ஊரை விசாரியுங்கள். அந்த இரண்டும் கிடைத்ததும், பெரம்பலூர்க்காரரின் விடைகளோடு சேர்த்து எனக்கு எழுதுங்கள். பிரசாவுரிமைக் கோவைக்கான விண்ணப்பத்தை எப்படி எழுதுவது என்று அப்போது சொல்கிறேன்.